ஏறும் கயிறு ஏன் நீள வேண்டும்?

“2 டன் தாங்கும் என்று போட்ட கயிறு ஒன்று என்னிடம் இருக்கிறது. என் எடை 80 கிலோதான். இதைக் கட்டிக்கொண்டு பாறை ஏறலாமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கூடாது. விழும்போது அந்தக் கயிறு அறாமலே இருக்கலாம். ஆனால் அது வெடுக்கென்று இழுத்து நிறுத்தும் விசையில் விழுந்தவரின் முதுகெலும்பு முறியலாம். கயிற்றைத் தாங்கும் ஆணி பாறையிலிருந்து பிடுங்கிக்கொண்டும் வரலாம்.

பள்ளி இயற்பியல் கணக்குகளில் ‘எடையற்ற, நீளாத கயிறு’ என்று ஒன்று வரும். பாறையில் ஆளைக் கொல்லக்கூடியது அந்த நீளாத கயிறுதான். 80 கிலோ மனிதர் 4 மீட்டர் விழுந்தால் ஏறத்தாழ 3,100 ஜூல் இயக்க ஆற்றல் சேரும். அவரை 4 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால் சராசரி விசை உடல் எடையைப் போல 100 மடங்கு. 1 மீட்டர் தூரத்தில் நிறுத்தினால் 5 மடங்கு. உச்ச விசை இதைப்போல இரு மடங்கு வரை போகலாம், என்றாலும் பிழைத்துக்கொள்வார்.

அந்த 1 மீட்டரைத் தருவது டைனமிக் கயிறு. உள்ளே நைலான் இழைகளால் ஆன கரு, வெளியே பின்னிய உறை. 1953-இல் ஜெர்மனியின் எடல்ரிட் நிறுவனம் கொண்டுவந்த இந்த அமைப்புக்குக் கெர்ன்மான்டல் என்று பெயர். கருவின் புரிகளை முறுக்கி, வெப்பத்தில் சுருங்க வைக்கிறார்கள். இழுவை வரும்போது முறுக்கு தளர்கிறது; மடங்கிக் கிடந்த நைலான் மூலக்கூறுகள் நீள்கின்றன; இழையோடு இழை உரசி ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாகிறது. வெறும் ஸ்பிரிங்காக இருந்திருந்தால் வாங்கிய ஆற்றலையெல்லாம் திருப்பிக் கொடுத்து ஆளை மேலே தூக்கி எறிந்திருக்கும்.

இனி வருவதுதான் இந்த இயற்பியலின் அழகான பகுதி. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தார் என்பதை மட்டும் வைத்து விசையைச் சொல்லவே முடியாது. விழுந்த தூரத்தை, அப்போது வெளியே இருக்கும் கயிற்றின் நீளத்தால் வகுக்க வேண்டும். இதற்கு ஃபால் ஃபேக்டர் என்று பெயர். விழுகை விகிதம் எனலாம்.

ஒருவர் 10 மீட்டர் ஏறியிருக்கிறார். தரையில் நிற்கும் கூட்டாளி கயிற்றைப் பிடித்திருக்கிறார். கடைசியாகக் கயிறு மாட்டிய காரபினர் (ஆணியில் தொங்கும், திறந்து மூடும் உலோக வளையம்) 8 மீட்டரில் இருக்கிறது. கைநழுவினால் 2 மீட்டர் இறங்கி, அதைத் தாண்டி இன்னும் 2 மீட்டர். ஆக 4 மீட்டர் விழுகை, 10 மீட்டர் கயிறு, விகிதம் 0.4. இன்னொருவர் செங்குத்துப் பாறையின் நடுவே, கயிற்றைப் பிடிக்கும் கூட்டாளியான பிலேயருக்கு 2 மீட்டர் மேலே இருக்கிறார். இடையில் ஒரு காரபினரும் இல்லை. அவரும் விழுவது 4 மீட்டர்தான். ஆனால் கயிறு 2 மீட்டரே, விகிதம் 2. பிலேயர் கயிற்றை நிறுத்தப் பயன்படுத்தும் பிலே கருவியில் கயிறு வழுக்காது என்று வைத்துக் கணக்கிட்டால், வழக்கமான ஒரு கயிற்றில் முதலாமவருக்கு ஏறத்தாழ 4.7 கிலோநியூட்டன், இரண்டாமவருக்கு 9.5 (1 கிலோநியூட்டன் என்பது ஏறத்தாழ 100 கிலோவின் எடை). முதல் கயிறு 2 மீட்டர் நீண்டு கொடுக்கிறது. இரண்டாவதால் 80 சென்டிமீட்டர்தான் முடிகிறது. விழும் தூரம் இரட்டிக்கும்போது கயிறும் இரட்டித்தால் விசை மாறாது: ஆற்றல் எவ்வளவு கூடியதோ, அதை வாங்கும் நைலானும் அவ்வளவு கூடிவிட்டது.

சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பான யுஐஏஏவின் சோதனையில் 80 கிலோ எடையை ஏறத்தாழ 1.77 விகிதத்தில் விழவிடுகிறார்கள். ஒற்றைக் கயிறு குறைந்தது 5 முறை தாங்க வேண்டும். முதல் விழுகையில் விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக்கூடாது. பாராசூட் வீரர்களின் உடல் தாங்கும் அதிர்ச்சியை ஆராய்ந்ததிலிருந்து வந்த வரம்பு அது. கயிறு வாங்கும்போது டன் கணக்கைப் பார்ப்பது வெறும் நம்பிக்கை; பார்க்க வேண்டியது இந்த உச்ச விசையை.

விகிதத்தைக் கெடுக்கும் எதிரி ஒன்று உண்டு, உராய்வு. காரபினர்கள் வழியே கயிறு வளைந்து வளைந்து போனால் ஒவ்வொரு வளைவும் இழுவையைத் தின்கிறது. கீழே இருக்கும் நைலானுக்கு விசை போய்ச் சேராது. மேல் துண்டு மட்டும் நீளும். காகிதத்தில் 0.4 ஆக இருந்தது பாறையில் அதைவிட அதிகமாகிவிடும். ஓரமாக இருக்கும் ஆணிகளில் 60 சென்டிமீட்டர் ஸ்லிங் (வளையமாகத் தைத்த நாடா) போட்டுக் கயிற்றை நேராக்குவது இதற்காகத்தான். அதே உராய்வால் நன்மையும் உண்டு: ஏறுபவர் பக்கம் 5 கிலோநியூட்டன் என்றால் பிலேயர் பக்கம் ஏறத்தாழ 3 தான் வரும். இரண்டும் சேர்ந்து மேல் காரபினரில் விழும் சுமை 8.

இறங்கவும் மீட்புப் பணிக்கும் பயன்படும் ஸ்டாட்டிக் கயிறு மிகக் குறைவாகவே நீளும். அதைக் கட்டிக்கொண்டு, கடைசிக் காரபினரைத் தாண்டி மேலே ஏறக்கூடாது. ஆங்கரில் (பாறையில் உடலைக் கட்டிவைக்கும் பிடிமானத்தில்) டைனீமா என்ற, அதிகம் நீளாத இழையால் ஆன ஸ்லிங்கால் மட்டும் மாட்டிக்கொண்டு அதற்கு மேலே ஏறி நிற்பதும் அதே ஆபத்துதான்; விகிதம் 1 விழுகையிலேயே, முடிச்சு போட்ட டைனீமா அறுந்துபோகலாம்.

நல்ல கயிறு விழுகையில் தானாக அறுவது அரிது. கூரிய பாறை விளிம்புதான் அறுக்கும். பேட்டரி அமிலம் பட்டால் வெளியே ஒன்றும் தெரியாமலே நைலான் பலமிழந்திருக்கும். அந்தக் கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். பெரிய விழுகைக்குப் பின் கயிற்றுக்குச் சில நிமிடம் ஓய்வு கொடுத்து, முனை மாற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஏற்றத்துக்கு முன்பும் முழு நீளத்தையும் விரல்களுக்கிடையே ஓடவிட்டு, சிறு வளைவாக மடக்கிப் பாருங்கள். வளைவு உருண்டையாக நிற்காமல் ஓரிடத்தில் சப்பையாக ஒடிந்தால் அங்கே கரு சிதைந்திருக்கிறது. முனைக்கு அருகே என்றால் அதுவரை வெட்டிவிடலாம். நடுவில் என்றால் அந்தக் கயிறு இனி ஏறுவதற்கு ஆகாது.