மீட்டரும் சுற்றில் ஓர் ஆள்தான்

எலக்ட்ரானிக்ஸ் கற்க ஆசைப்படும் படிவம் ஐந்து பிள்ளைகளுக்கு, இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், நான் முதலில் தருவது வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி, இரண்டு 1 மெகாஓம் ரெசிஸ்டர் (மின்சாரத்துக்குத் தடை போடும் பாகம்), அவ்வளவுதான். இரண்டையும் வரிசையாகப் பேட்டரியில் மாட்டி, ஒன்றின் குறுக்கே அளந்தால் சரிபாதி, 4.5 வோல்ட் வர வேண்டும். வருவதோ ஏறக்குறைய 4.29. பேட்டரி வீக், ரெசிஸ்டர் மட்டம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சரி, மற்றதையும் அளந்து பாருங்கள்: அதிலும் 4.29, கூட்டினால் 8.58. மீதி எங்கே?

டிஜிட்டல் மீட்டருக்குள்ளும் வழக்கமாக 10 மெகாஓம் தடை உண்டு. அதைப் பக்கவாட்டில் வைத்ததும் 1 மெகாஓம் 0.91 ஆகிவிடுகிறது, அதற்குரிய பங்கும் குறைகிறது. பந்தியில் எத்தனை பேர் என்று எண்ணப் போனவன் தானும் ஓர் இலையில் உட்கார்ந்துகொண்ட கதைதான்.

இது விளையாட்டுச் சோதனையோடு நிற்பதில்லை. செம்பனை (பாமாயில்) ஆலையிலிருந்து வரும் கழிவுநீர் நல்ல அமிலம், பிஎச் (புளிப்பைக் காட்டும் எண்; 7 நடுநிலை, குறையக் குறைய அமிலம் அதிகம்) 4 முதல் 5 வரை இருக்கும். அதை அளக்கும் கண்ணாடி மின்வாய், 25 பாகை செல்சியஸில், 7லிருந்து விலகும் ஒவ்வொரு பிஎச்சுக்கும் சுமார் 59 மில்லிவோல்ட் தரும். பிஎச் 4 என்றால் 177. ஆனால் கண்ணாடிச் சவ்வின் தடையே 100 மெகாஓம் அளவில் இருப்பதால், நேராக மல்டிமீட்டரில் மாட்டினால் பதினொன்றில் ஒரு பங்கு, 16 மில்லிவோல்ட்தான் தெரியும். கணக்குப் போட்டால் பிஎச் 6.7. ஆலைக் கழிவு குடிதண்ணீராகிவிட்டது!

எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்கத் திண்டாடிய நண்பருக்காக, 1934இல் கலிபோர்னியாவில் ஆர்னால்டு பெக்மன் வெற்றிடக்குழாய்ப் பெருக்கி வைத்து ஒரு கருவி செய்ததும் இதே தலைவலியால்தான். இன்று சிஏ3140 போன்ற ஓர் ஆப்-ஆம்ப் (பெருக்கி) சிப் போதும், உள்ளீட்டுத் தடை சுமார் 15 லட்சம் மெகாஓம். மின்வாயைக் கூட்டல் காலில் கொடுத்து, வெளியீட்டைக் கழித்தல் காலோடு சேர்த்துவிட்டால், உள்ளே வரும் வோல்ட் அப்படியே வெளியே வரும், அதை எந்த மீட்டரிலும் படிக்கலாம். சிப்பிலும் சில மில்லிவோல்ட் பிசகு இருக்கும் என்பதால் முதலில் பிஎச் 7 பஃபர் கரைசலில் (பிஎச் எளிதில் மாறாத கரைசல்) முக்கிப் பூஜ்யத்தைப் பாருங்கள். அப்புறம் நம்ம ஊர் ஈரப்பதம்: போர்டில் கைரேகை படிந்திருந்தால் அந்த அழுக்கு வழியாகவே மின்சாரம் கசியும், உள்ளீட்டுக் காலைச் சுற்றி ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு அளங்கள்.