கித்தாக் கொட்டையும் காமாக் கதிரும்

மத்தியான வெயில் ஏறினால் கித்தாக் காய், அதாவது ரப்பர் மரத்துக் காய், வெடிக்கும். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில், லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. உயரத்தில் எங்கோ ‘டப்’ என்று கேட்கும். அப்புறம் தகரக் கூரையில் ஒன்று, வாசலில் ஒன்று, பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டின் மேல் ஒன்று என்று கொட்டைகள் வந்து விழும். ஒரு காய்க்கு மூன்று கொட்டை. பொறுக்கிக்கொண்டு வந்து, சிமெண்டுத் தரையில் சூடேறத் தேய்த்து, அடுத்தவன் தொடையில் வைப்பது எங்கள் விளையாட்டு. காய் வெடிப்பதை நான் ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் கொட்டைகள் விழுந்த இடங்களை வைத்து எந்த மரத்துக் காய் என்று சொல்லிவிடுவோம்.

தரையில் கருவி வைத்துக் காமாக் கதிரைத் தேடுகிறவர்கள் செய்வதும் இதுதான். அவர்கள் தேடும் கதிர் ஒன்றுகூடத் தரைக்கு வந்து சேர்வதில்லை.

காமாக் கதிரும் ஒளிதான். நம் கண் காணும் ஒளித்துகள் ஒன்றின் ஆற்றல் இரண்டு, மூன்று எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு). இங்கே பேசப்படும் காமாத் துகளுக்கோ டிரில்லியன் எலக்ட்ரான் வோல்ட் கணக்கு. பறக்கும் கொசு ஒன்றின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ அவ்வளவு இருக்கும். பூ, இவ்வளவுதானா என்று தோன்றலாம். கொசுவின் உடம்பில் எத்தனை அணுக்கள் என்று யோசித்துப் பாருங்கள். அத்தனை அணுக்களும் பங்கு போட்டுக்கொண்டதை இங்கே ஒற்றைத் துகள் சுமந்து வருகிறது.

நட்சத்திரத்தின் சூட்டுக்கு இப்படி ஒரு துகளை உண்டாக்கும் சக்தி கிடையாது. வெடித்துச் சிதறிய நட்சத்திரத்தின் மிச்சம், படுவேகமாகச் சுழலும் பல்சார் என்ற செத்த நட்சத்திரம், தொலைதூர விண்மீன் மண்டலங்களின் நடுவே உட்கார்ந்திருக்கும் ராட்சதக் கருந்துளை போன்ற இடங்களில்தான் துகள்கள் இந்த அளவுக்கு முடுக்கம் பெறுகின்றன. அங்கிருந்து புரோட்டான்களும் கிளம்பி வருகின்றன. ஆனால் மின்னூட்டம் உள்ளதால் வழியிலுள்ள காந்தப் புலங்களில் வளைந்து வளைந்து, புறப்பட்ட ஊர் தெரியாமல்தான் வந்து சேரும். காமாக் கதிர் நேர்கோட்டில் வரும். பிடித்தால் ஊரைச் சொல்லிவிடலாம்.

பிடிப்பதில்தான் சிக்கல். நம் தலைக்கு மேலிருக்கும் காற்று முழுவதும் பத்து மீட்டர் ஆழத் தண்ணீரின் எடைக்குச் சமம். அதைத் தாண்டி எந்தக் காமாக் கதிரும் வராது. அப்படியானால் காற்றுக்கு மேலே போய்விட வேண்டியதுதானே? போனார்கள். 2008இல் ஏவப்பட்ட ஃபெர்மி செயற்கைக்கோள் இன்னும் அருமையாக வேலை செய்கிறது. ஆனால் அதன் கருவி கதிரைப் பிடிக்கும் பரப்பு ஒரு சதுர மீட்டர் அளவுதான். நண்டு நெபுலாவை எடுத்துக்கொள்வோம். 1054இல் சீன வானியலர்கள் குறித்துவைத்த நட்சத்திர வெடிப்பின் மிச்சம் அது. இந்தத் துறையில் அளவுகோலாக வைத்திருப்பதே அதைத்தான். அதிலிருந்து ஒரு டிரில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட துகள் ஒரு சதுர மீட்டரில் எத்தனை விழும் தெரியுமா? ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒன்று. கித்தாப் பால் பிடிக்க மரத்தில் மங்கு கட்டுவோமே, அது போலப் பெரிய மங்கு வேண்டும். ஒரு தோட்டமே மங்காக இருந்தால்தான் கட்டுப்படியாகும்.

அந்த மங்கு காற்றேதான்.

மேலே சுமார் இருபது கிலோமீட்டர் உயரத்தில் காமாத் துகள் ஓர் அணுவின் அருகே போகும்போது எலக்ட்ரானாகவும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானாகவும் பிரிந்துவிடுகிறது. அந்த இரண்டும் காற்றில் தடுமாறி மறுபடி காமாத் துகள்களை உமிழும். அவை மறுபடி பிரியும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, விமானங்கள் பறக்கும் உயரத்துக்கு வரும்போது துகள்களின் பெருமழையாகிவிடும். அதற்குக் கீழே பங்கு போட ஆற்றல் மிச்சமில்லாமல் மழை ஓய்ந்துபோகிறது. இந்தப் பெருக்கத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் இயற்பியலர்கள் ஹோமி பாபாவும் வால்ட்டர் ஹைட்லரும், 1937இல்.

மழை ஓய்ந்தாலும் ஒரு தடயம் கீழே வருகிறது. காற்றில் ஒளியின் வேகம் வெற்றிடத்தில் உள்ளதைவிட வினாடிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் குறைவு. மழைத்துகள்களோ அதைவிட வேகமாக ஓடுகின்றன. பேராக் ஆற்றில் மோட்டார் படகு போவதைப் பார்த்திருப்பீர்கள். படகு மெதுவாகப் போனால் அலைகள் முன்னும் பின்னும் பரவி அடங்கிவிடும். அலையை முந்திக்கொண்டு ஓடினால் பின்னால் ஆப்பு வடிவத்தில் ஒரே அலையாகத் திரண்டு கரையில் மோதும். ஒளியை முந்தும் துகளுக்குப் பின்னாலும் அப்படித்தான் நீல ஒளி திரள்கிறது. 1934இல் இதைத் திரவத்தில் கண்டு எழுதிய பாவெல் செரன்கோவின் பெயரில் இது செரன்கோவ் ஒளி. பத்துக் கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு பாகை அளவே விரிந்து இறங்குவதால், தரையில் 120 மீட்டர் ஆரமுள்ள வட்டமாக விழும். அந்த வட்டத்துக்குள் எங்கே கண்ணாடி வைத்தாலும் சரி, மேலே காய் வெடித்த செய்தி கிடைத்துவிடும். சதுர மீட்டர் கணக்கு அப்படியே பல்லாயிரம் மடங்காகிறது. இரண்டு மாதக் காத்திருப்பு இரண்டு நிமிடமாகச் சுருங்குகிறது.

ஆனால் அந்த ஒளி நீடிப்பது வினாடியின் பில்லியனில் சில பங்கு நேரம்தான். கண்ணுக்குத் தெரியாது. 1948இல் பிரிட்டிஷ் இயற்பியலர் பிளாக்கெட், இரவு வானத்தின் வெளிச்சத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இதுவாக இருக்கும் என்று கணித்துச் சொன்னார். நாலு வருடம் கழித்து இங்கிலாந்தின் ஹார்வெல்லில் கால்பிரெய்த், ஜெல்லி என்ற இரண்டு இயற்பியலர்கள் ஒரு குப்பைத் தொட்டியை எடுத்தார்கள். கதையில்லை, நிஜக் குப்பைத் தொட்டி. அடியில் 25 சென்டிமீட்டர் கண்ணாடி, அதன் குவியத்தில் ஒளியை மின்துடிப்பாக்கும் ஒரு குழல். நிலவில்லாத இரவில் வானத்தைப் பார்த்து நிமிர்த்தி வைத்தார்கள். சில நிமிடத்துக்கு ஒரு துடிப்பு வந்தது. பள்ளியில் அறிவியல் விழாவுக்குச் சாமான் இல்லை என்று சொல்லும் பிள்ளைகளிடம் நான் இந்தத் தொட்டிக் கதையை அவிழ்த்துவிடுவேன்.

தொட்டியில் பதிந்தவை பெரும்பாலும் புரோட்டான்கள் உண்டாக்கிய மழைகள். எத்தனை நல்ல காமா மூலமானாலும் அதன் ஒரு மழைக்கு ஆயிரம் புரோட்டான் மழை என்பது போன்ற விகிதம். இந்தச் சல்லடை வேலைக்கே அறிவியலர்கள் முப்பது வருடத்துக்கு மேல் தடுமாறினார்கள். 1968இல் அரிசோனாவில் பத்து மீட்டர் அகல விப்பிள் தொலைநோக்கியைக் கட்டிவைத்தும் உறுதியான மூலம் ஒன்றும் கையில் சிக்கவில்லை.

வழி காட்டியது உருவம். காமா மழை ஒழுங்காக, ஒல்லியாக இறங்கும். கேமராவில் அதன் படம் மெலிந்த நீள்வட்டம். புரோட்டான் மழை அணுக்கருவையே உடைத்துக்கொண்டு பல கிளையாகச் சிதறுவதால் படம் பிய்ந்துபோன பஞ்சு மாதிரி இருக்கும். நீள்வட்டத்தின் நீளம், அகலம், சாய்வு ஆகியவற்றை அளந்தால் போதும், குப்பையில் பெரும்பகுதியைக் கழித்துவிடலாம் என்று 1985இல் மைக்கேல் ஹில்லாஸ் கணக்கிட்டுச் சொன்னார். வெறும் 37 குழல்கள் கொண்ட கேமராவில் அதைச் செய்து பார்த்த டிரெவர் வீக்ஸின் குழு 1989இல் நண்டு நெபுலாவை ஐயமில்லாமல் பிடித்தது. கண்ணாடியைப் பெரிதாக்கியதைவிட, கழிக்கக் கற்றுக்கொண்டதுதான் இந்தத் துறையின் பெரிய சாதனை என்பேன்.

சரி, திசை? ஒரே கேமராவில் நீள்வட்டத்தின் கோடு தெரியும், அந்தக் கோட்டில் எந்தப் புள்ளியிலிருந்து வந்தது என்பது தெளிவாகத் தெரியாது. நூறு மீட்டர் தள்ளி இன்னொரு தொலைநோக்கி வைத்தால் அதன் படத்தில் கோடு வேறு மாதிரிச் சாய்ந்திருக்கும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் மூலம் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கொட்டையும் பக்கத்து வீட்டுக் கொட்டையும் சேர்ந்து மரத்தைக் காட்டிக்கொடுத்த அதே கணக்கு. நமீபியாவின் ஹெஸ், கானரி தீவின் மேஜிக், அரிசோனாவின் வெரிட்டாஸ் எல்லாம் இப்படிக் கூட்டாகப் பார்ப்பவை. லடாக்கின் ஹான்லேயில் 2024இல் திறக்கப்பட்ட மேஸ் மட்டும் தனி ஆள், ஆனால் 21 மீட்டர் அகலம். இதுவரை பிடிபட்ட மூலங்கள் இருநூறைத் தாண்டிவிட்டன.

மெக்சிகோ மலையில் வேறு வகை ஒன்று உண்டு. 4,100 மீட்டர் உயரத்தில் 300 தண்ணீர்த் தொட்டிகள். அந்த உயரத்தில் மழைத்துகள்களே தொட்டிக்குள் வந்து விழுந்து தண்ணீரில் ஒளி எழுப்பும். பகல், இரவு, மேகம் எதுவும் தடையில்லை. சீனாவின் சிச்சுவானில் இதைவிடப் பெரிய லாசோ, ஆயிரம் டிரில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டிய காமாத் துகள்களையே பதிவு செய்து 2021இல் அறிவித்தது.

எங்கள் ஊரில் தொலைநோக்கி வைக்க முடியுமா என்று ஒட்டுக்கடையில் ஒருவர் கேட்டார். “நம்ம வானத்துக்கு என்ன வாத்தியாரே கொறச்சல்?” மேகம்தான் கொறச்சல் என்றேன், அதாவது மேகம் குறையாததுதான். மங்கில் தண்ணீர் நிரம்பி வேலை நிற்கும் நாட்களை அவரும் பார்த்தவர், சிரித்துக்கொண்டார்.

ஆனால் மழைத்துகள்கள் இங்கேயும் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. புரோட்டான் மழையில் பிறக்கும் மியூவான்கள் (எலக்ட்ரானைப் போன்றவை, ஆனால் அதைவிடக் கனமானவை) உங்கள் உள்ளங்கையை வினாடிக்கு ஒன்று என்ற கணக்கில் இப்போதும் துளைத்துப் போகின்றன. காமாக்காரர்கள் கழித்துக்கொட்டும் இந்தக் குப்பையை ஊட்டியில் கிரேப்ஸ்-3 என்ற ஆய்வுக்கூடத்தில் சேர்த்து எண்ணுகிறார்கள். 2014 டிசம்பர் 1ஆம் தேதி அங்கே இடிமேகம் ஒன்று மேலே வந்தபோது மியூவான் எண்ணிக்கை சற்றுக் குறைந்தது. குறைந்த அளவை வைத்து மேகத்துக்குள் இருந்த மின்னழுத்தத்தைக் கணக்கிட்டார்கள். 1.3 பில்லியன் வோல்ட்.

இதை எழுதும்போது மணி மூன்று. கோலகங்சார் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. டிவி பிளக்கைப் பிடுங்கச் சொல்லி அடுப்படியிலிருந்து இரண்டு தரம் குரல் வந்துவிட்டது.