கேரளா ஸ்டேஷனா, தமிழ்நாடு ஸ்டேஷனா? முதலில் 1930

கம்பம், கூடலூரிலிருந்து தினமும் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர்களில் பலருக்கு வங்கிக் கணக்கு மலைக்கு மேலே கேரளாவில், ஆதார் முகவரி மலைக்குக் கீழே தமிழ்நாட்டில். மேலே எல்லையில் இருக்கும் குமுளியில் வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். போனில் பணத்தைப் பறிகொடுத்து வருகிறவர்கள் பதறிப்போய்க் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், எந்த ஸ்டேஷன்ல கம்ப்ளைன்ட் குடுக்கணும்? கேரளாவா, தமிழ்நாடா?"

ஸ்டேஷனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். எந்த மாநிலத்தில் நின்று கூப்பிட்டாலும் அதே எண்தான், புகார் பதிவாவதும் ஒரே தேசிய அமைப்பில்தான். உங்கள் கணக்கிலிருந்து போன பணம் நேரே திருடன் கைக்குப் போவதில்லை. யாரோ ஒருவர் பெயரில் உள்ள கணக்கில் விழுந்து, அங்கிருந்து நாலைந்து கணக்குகளுக்குப் பிரிந்து, கடைசியில் ஏதோ ஊர் ஏ.டி.எம்.மில் நோட்டாக வெளியே வரும். நோட்டாகும் முன் புகார் போய்ச் சேர்ந்தால் நடுவில் உள்ள வங்கி அதை நிறுத்திவைக்க முடியும். பணம் போன நேரம், தொகை, எஸ்.எம்.எஸ்.ஸில் உள்ள 12 இலக்க யு.பி.ஐ. பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். போலீசுக்கு நேரில் போவதானாலும் எல்லைச் சிக்கல் கிடையாது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, சம்பவம் எங்கே நடந்தது என்று காரணம் காட்டி எந்த ஸ்டேஷனும் புகாரைத் திருப்பி அனுப்பக் கூடாது.

சீக்கிரம் புகார் போனால் பணம் நின்றுவிடும் என்பது திருடனுக்கும் தெரியும். அதனால்தான் "போனை வைக்காதே, யாரிடமும் சொல்லாதே" என்கிறான்.

தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எஃப்.டி.யை உடைக்க வந்தார். எதற்கு என்று கேட்டதற்கு "வீட்டு வேலை" என்றார். கண் மட்டும் அடிக்கடி சட்டைப்பைக்குப் போய்வந்தது. பைக்கு வெளியே கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்த போனில் வீடியோ கால் ஓடிக்கொண்டிருந்தது. கவுண்டரில் இருந்த பெண் ஒரு துண்டுத்தாளில் "யாராவது மிரட்டுறாங்களா ஐயா?" என்று எழுதித் தள்ளினார். அதைப் படித்ததும் அவருக்குக் கை நடுங்கியது. மும்பை போலீஸாம். அவர் ஆதாரில் வாங்கிய சிம்மில் கடத்தல் நடந்ததாம், பணத்தைச் "சரிபார்த்து" திருப்பித் தருவார்களாம். பேசியவனின் இந்தியும் இங்கிலீஷும் அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கிறது. பிழைக்கப் போன ஊரில், பாதி புரிந்த மொழியில் அதிகாரி பேசினால் தலையாட்டிப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தைத்தான் இவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். வீடியோவில் கைது செய்ய இந்தியாவில் எந்தச் சட்டத்திலும் இடமில்லை. 2024 அக்டோபரில் பிரதமரே தன் வானொலி உரையில் இதைச் சொன்னார். எந்தப் போலீசும் சரிபார்ப்பதற்காகப் பணம் அனுப்பச் சொல்ல மாட்டார். அழைப்பைத் துண்டியுங்கள், பக்கத்து வீட்டுக்காரரிடமாவது சொல்லுங்கள்.

ஏலக்காய் வியாபாரிகள் மின்னஞ்சலில் கவனமாக இருக்க வேண்டும். போடியிலோ புற்றடியிலோ ஏலம் முடிந்து பணம் அனுப்பும் சமயம் பார்த்து, வழக்கமாகச் சரக்கு தருகிறவர் பெயரில் ஒரு மெயில் வரும்: "எங்கள் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடவும்." பில், முத்திரை எல்லாம் அசல் மாதிரியே இருக்கும். மெயில் முகவரியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். அந்த மெயிலில் உள்ள எண்ணுக்கு அழைக்காதீர்கள். உங்களிடம் பழைய எண் இருக்குமே, அதில் கூப்பிட்டு ஆளின் குரலைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். இரண்டிலும் கணக்கு எண்ணை வைத்துத்தான் பணம் போகும், நீங்கள் எழுதும் பெயரை வைத்து அல்ல. பெறுபவரின் பெயரை முன்கூட்டியே காட்டும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பெயர் ஒத்துப்போகாவிட்டால் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

மற்றபடி, பணம் வாங்க யு.பி.ஐ. பின் தேவையே இல்லை. கரண்ட் பில் கட்டவில்லை, இன்று ராத்திரி ஃபியூஸ் பிடுங்குவோம் என்று வரும் எஸ்.எம்.எஸ்.ஸை நம்பாமல் பில்லை எடுத்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்று வரும் ஏ.பி.கே. ஃபைலை, அதாவது போனில் ஆப்பை ஏற்றும் ஃபைலை, தொடாதீர்கள். அது உங்கள் போனுக்கு வரும் ஓ.டி.பி.யை அப்படியே அவனுக்கு அனுப்பிவிடும்.

வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளைகளிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மாதம் கொஞ்சம் பணம் தருகிறேன், உன் கணக்கையும் ஏ.டி.எம். கார்டையும் கொடு என்று கேட்கிறவன், திருட்டுப் பணத்தை நகர்த்தத்தான் கேட்கிறான். போலீஸ் தேடிவருவது அந்தப் பிள்ளையைத்தான்.

பணம் போய்விட்டதென்றால், 1930-க்குச் சொன்ன கையோடு வங்கிக்கும் சொல்லுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. எந்த நிமிடத்தில் சொன்னீர்கள் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். புகார் எண்ணை எஸ்.எம்.எஸ்.ஸிலோ எழுத்திலோ வாங்கிக்கொண்டுதான் கிளையை விட்டு இறங்க வேண்டும்.