பித்துக்கோலம்: ஹாம்லெட் பூண்ட பைத்தியத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

காரைக்குடியில் பழைய தேக்குக் கதவும் பித்தளை விளக்கும் விற்கிற கடையை ‘ஆன்டிக் கடை’ என்கிறோம். பிள்ளைகள் செய்யும் கோணங்கித்தனத்தை ஆங்கிலத்தில் ‘ஆன்டிக்ஸ்’ என்பார்கள். எழுத்து கொஞ்சம் வேறு, பிறந்த வீடு ஒன்று. ‘ஹாம்லெட்’ நாடகத்தில் டென்மார்க் இளவரசன் ஹாம்லெட்டின் வாயில் ஷேக்ஸ்பியர் வைத்த ‘ஆன்டிக் டிஸ்பொசிஷன்’ என்ற தொடரைத் தமிழாக்க வேண்டுமென்றால் அந்த வீட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

முதலில் தொடர் வரும் இடம். முதல் அங்கம், ஐந்தாம் காட்சி. தோட்டத்தில் தூங்கிக்கொண்டிருந்த தன் காதில், இப்போது அரசனாக இருக்கும் தம்பி கிளாடியஸே நஞ்சை ஊற்றினான் என்று தந்தையின் ஆவி சொல்லிவிட்டு மறைகிறது. ஹாம்லெட் நண்பன் ஹொரேஷியோவையும் காவலன் மார்செல்லஸையும் தன் வாளின்மேல் சத்தியம் செய்யச் சொல்கிறான். எதற்குச் சத்தியம்? இனிமேல் நான் விசித்திரமாக நடந்துகொண்டால், கையைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டி ‘ம்ம்... எங்களுக்குத் தெரியும்’ என்று பொடிவைத்துப் பேசக் கூடாது என்பதற்கு. அந்த இடத்தில்தான், ‘ஆன்டிக் டிஸ்பொசிஷன்’ ஒன்றைப் பூண்டுகொள்வது எனக்குத் தேவைப்படலாம் என்கிறான். ‘பூண்டுகொள்வது’ என்ற வினையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டை மாட்டுவதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வார்களோ அதே வினைதான் மூலத்திலும் இருக்கிறது.

இப்போது ‘ஆன்டிக்’. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரோம் நகரில் மண்மூடிக் கிடந்த நீரோவின் பொன்மாளிகைக்குள் ஓவியர்கள் இறங்கிப் பார்த்தார்கள். சுவரெல்லாம் விநோதச் சித்திரங்கள்: இடுப்புவரை மனிதன், அதற்குக் கீழே கொடி, இலைக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் முகம், பாதி மிருகம், பாதிப் பூ. பழைய காலத்துச் சித்திரம் என்பதால், இத்தாலிய மொழியில் ‘பழையது’ என்று பொருள்படும் ‘அந்தீக்கோ’ என்ற சொல் ஆங்கிலத்துக்குப் போய் ‘ஆன்டிக்’ ஆனது. அங்கே பழமை என்ற பொருள் பின்னுக்குப் போய், விகாரமான உருவம் என்ற பொருள் முன்னுக்கு வந்தது. அப்புறம் உருவத்திலிருந்து ஆளுக்குத் தாவியது: முகத்தைக் கோணிக்காட்டிச் சிரிக்கவைக்கும் கூத்தாடி, கோமாளி. ‘இரண்டாம் ரிச்சர்ட்’ நாடகத்தில் ஷேக்ஸ்பியரே இந்தச் சொல்லைச் சாவுக்கு வைக்கிறார். அரசனின் கிரீடத்துக்குள்ளே சாவு ஒரு ‘ஆன்டிக்’காக உட்கார்ந்துகொண்டு அவனுடைய படாடோபத்தைப் பார்த்துப் பல்லிளிக்கிறதாம்.

ஆக, ‘ஆன்டிக்’ என்ற சொல்லில் நோய் இல்லை, கூத்துதான் இருக்கிறது. ‘டிஸ்பொசிஷன்’ என்பதோ இயல்பு, மனப்போக்கு. இயல்பை யாராவது சட்டை மாதிரி மாட்டிக்கொள்ள முடியுமா? இந்த முரண் தெரியாமல் போனால் மொழிபெயர்ப்பு சப்பென்று ஆகிவிடும்.

தமிழில் சட்டென்று நாவுக்கு வருவது ‘பைத்தியம்’. இது பித்தத்திலிருந்து வந்த வடசொல். வாதம், பித்தம், கபம் என்ற கணக்கில் பித்தம் தலைக்கேறினால் பைத்தியம். ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்திலும் உடலுக்குள் நான்கு நீர்கள் ஓடுவதாக நம்பினார்கள். அதில் கரும்பித்தம் மிஞ்சினால் ‘மெலன்கலி’, அதாவது தீராத மனவாட்டம். ஹாம்லெட்டும் அதைத் தன் பிணியாகவே சொல்லிக்கொள்கிறான். பித்தம் என்ற வேர் இரண்டு பக்கமும் பொருந்துவது நமக்கு அதிர்ஷ்டம்தான்.

வள்ளுவர் ‘மையல்’ என்கிறார்: ‘மையல் ஒருவன் களித்தற்றால்’ (838). பேதையின் கையில் ஒரு பொருள் கிடைப்பது, ஏற்கெனவே பித்துப் பிடித்தவன் கள்ளும் குடித்தது மாதிரி என்பது கருத்து. அழகான சொல். ஆனால் இன்றைக்கு மையல் என்றால் காதல் மயக்கம் என்றுதான் படிப்பார்கள், அது நாடகத்தில் அரசவை அமைச்சர் பொலோனியஸ் செய்த அதே தவறு. என் மகள்மேல் உள்ள காதலால்தான் இளவரசனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அந்தக் கிழவர் அரசனிடம் போய்ச் சாதிக்கிறார். சுந்தரர் சிவனை அழைத்த ‘பித்தா’வில் ஏசலும் அன்பும் சேர்ந்தே இருக்கின்றன. ‘கிறுக்கு’ மேடைக்குப் பொருந்தும், ஆனால் இளவரசனுக்கு ஒரு மாற்றுக் குறைவு.

மேற்சொன்ன எதிலும் ‘பூணுதல்’ இல்லை. அதனால் நான் ‘கோலம்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். திருமணக்கோலம், தவக்கோலம் என்கிறோம். கோலம் என்பது தோற்றம், ஒப்பனை, அதைத் தாங்கி நிற்கும் நிலை மூன்றும்தான். இயல்பைச் சட்டையாக மாட்டும் அந்த முரணைத் தாங்கக்கூடிய சொல் இது. ‘பித்துக்கோலம் பூண்டான்’ என்றால் வேலை முடிந்தது.

‘பித்தன் வேடம்’ போதாதா? போதாது என்பதே என் எண்ணம். வேடம் ஆளை மறைக்க, கோலம் பிறர் பார்க்க. இரண்டாம் அங்கத்தில் பொலோனியஸின் மகள் ஒஃபீலியா பதறிக்கொண்டு அப்பாவிடம் ஓடிவந்து சொல்வதைப் பாருங்கள். ஹாம்லெட் அறைக்குள் வந்தாராம். சட்டைப் பொத்தான் போடவில்லை, தலையில் தொப்பி இல்லை, அழுக்கேறிய காலுறை கட்டவிழ்ந்து கணுக்காலில் சுருண்டு கிடக்கிறது, முழங்கால்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. இதை நாம் ‘அலங்கோலம்’ என்போம். அந்தச் சொல்லுக்குள்ளும் ஒரு கோலம் ஒளிந்திருக்கிறது.

மறைவதற்காகவே போட்ட வேடம் மூலக்கதையில் உண்டு. 1200 வாக்கில் டென்மார்க்கின் சாக்ஸோ லத்தீனில் எழுதிய வரலாற்றில் அவன் பெயர் ஆம்லெத். அங்கே கொலை ஊரறிந்த விஷயம். ஆம்லெத் பைத்தியமாக நடித்தால்தான் சித்தப்பன் உயிரோடு விடுவான். அடுப்பங்கரையில் சாம்பலில் உட்கார்ந்து மரக்கொக்கிகளைச் செதுக்கி நெருப்பில் வாட்டுகிறான். என்ன செய்கிறாய் என்று கேட்டால், அப்பாவுக்குப் பழிவாங்கக் கூர் தீட்டுகிறேன் என்று உண்மையையே சொல்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். பிற்பாடு குடித்துக் கிடந்தவர்கள்மேல் திரைச்சீலையை இறக்கி, அதே கொக்கிகளால் இறுக்கிப் பூட்டி மண்டபத்துக்குத் தீ வைக்கிறான். நம் பக்கத்தில் பாஸனுடைய வடமொழி நாடகத்தில் உதயணனின் அமைச்சர் யௌகந்தராயணர், சிறைப்பட்ட மன்னனை மீட்கப் பித்தனாக உச்சயினித் தெருவில் திரிகிறார். பெருங்கதை என்ற தமிழ்க் காப்பியத்தில் வரும் யூகி இவரேதான். அது வேடம், சந்தேகமே இல்லை.

ஷேக்ஸ்பியரில் கொலை ரகசியம். சும்மா இருந்தால் ஹாம்லெட்டை யாரும் சந்தேகிக்கப்போவதில்லை. பித்துக்கோலம் பூண்டதால்தான் கிளாடியஸ் உஷாராகிறான். பெரிய இடத்துப் பைத்தியத்தைக் கண்காணிக்காமல் விடக்கூடாது என்கிறான். அப்படியானால் ஏன் பூண்டான்? பழிவாங்கலைத் தள்ளிப்போட அதுவே ஒரு சாக்கு என்பது என் கட்சி. மூன்றாம் அங்கத்தில் மண்டியிட்டு வேண்டிக்கொண்டிருக்கும் கிளாடியஸின் முதுகுக்குப் பின்னால் வாளோடு நின்றும், இப்போது கொன்றால் இவன் சொர்க்கத்துக்குப் போய்விடுவான் என்று சொல்லிப் போய்விடுகிறான். உடனே அடுத்த காட்சியில் தாயிடம், தான் உண்மையில் பித்தனில்லை, தந்திரத்தால்தான் பித்தன் என்கிறான். வஞ்சகம் என்றால் ஏமாற்று, வஞ்சம் வைத்தல் என்றால் பகையை உள்ளே பொத்தி நாள் பார்த்தல். ஏமாற்றும் காத்திருப்பும் தமிழில் ஒரே சொல்லின் இரண்டு கிளைகள். ஆங்கிலத்தில் அதற்கு ஐந்து அங்கம் ஆகிறது.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐஸ்லாந்து மொழியில் ‘அம்லோதி’ என்றால் மடையன்; ஆம்லெத் என்ற பெயர் அதன் உறவுதான். பம்மல் சம்பந்த முதலியார் இந்த நாடகத்தைத் தமிழாக்கியபோது நாயகனுக்கு இட்ட பெயர் ‘அமலாதித்யன்’: மாசில்லாத சூரியன். ஓசையைப் பிடித்த சாமர்த்தியத்தில் மடையன் சூரியனாகிவிட்டான்.

ஒஃபீலியாவுக்குப் பிடிப்பது நிஜமான பித்து. ஆளுக்கொரு பூவை நீட்டிப் பாட்டுப் பாடும் அந்தப் பெண்ணுக்குப் ‘பித்துக்கோலம்’ என்று எழுதிவிடாதீர்கள். அவள் எதையும் பூணவில்லை.

கடைசி அங்கத்தில் குழிவெட்டி ஒருவன், எதிரில் நிற்பது யாரென்று தெரியாமல் ஹாம்லெட்டிடமே அவன் கதையைச் சொல்கிறான்: இளவரசருக்குப் பைத்தியம், இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள், அங்கே எல்லாருமே அப்படித்தான் என்பதால் வித்தியாசம் தெரியாது. கோலம் அதற்குள் கலைந்துவிட்டது. அந்தக் குழியிலிருந்து ஒரு மண்டையோடு வெளியே வருகிறது. 23 வருஷம் மண்ணில் கிடந்த யோரிக், ஹாம்லெட்டைச் சின்ன வயதில் முதுகில் சுமந்து விளையாடிய அரண்மனைக் கோமாளி. ‘ஆன்டிக்’ என்ற சொல் குறித்த அதே ஆள், பல்லை இளித்துக்கொண்டு அவன் கையில்.