ரெக்கார்டுக்கு ஆவி புடிக்கலாமா?

மூர் மார்க்கெட் எரிஞ்சது 1985ல, ஆனா பழைய எல்பி, அதான் வினைல் பாட்டுத் தட்டு, தேடுற வட சென்னை ஆளுங்க இன்னும் அந்தப் பக்கம்தான் போறோம். அங்க கிடைக்கிற தட்டுல பாதிக்கு மேல பூஞ்சை, விரல் ரேகை, எண்ணெய்ப் பிசுக்குன்னு ஒரே அழுக்கா இருக்கும். சரி கழுவிடலாம்னு ராயபுரம் தண்டையார்பேட்டை போர் தண்ணில கழுவினா கதை கந்தல், ஏன்னா தண்ணி காயும், உப்பு காயாது, அது பாட்டு பதிஞ்ச பள்ளத்துக்குள்ளயே படிஞ்சு ஊசி போறப்பல்லாம் டிக் டிக்னு கேக்கும்.

இங்கதான் சளிக்கு ஆவி புடிக்கிற, துணிய நீவுற ஸ்டீமர் வேலைக்கு ஆகுது. எல்பியோட பள்ளம் 0.05 மில்லிமீட்டர் அகலம்தான், சாதாரண பிரஷ் அடி வரைக்கும் முழுசா போகாது. ஆவி போகும். குளிர்ந்த தட்டு மேல பட்டதும் அங்கயே தண்ணியா மாறும், அதுவும் உப்பே இல்லாத தண்ணி, உப்புதான் டேங்க்லயே தங்கிடுச்சே. சூடு வேற சேருது. 50 டிகிரி தண்ணியோட பிசுபிசுப்பு 20 டிகிரி தண்ணில பாதிதான், அதனால இடுக்குல சுலபமா ஓடும், எண்ணெயும் இளகி விட்டுக்குடுக்கும்.

ஆபத்தும் அதே சூடுதான். ஒரு கிராம் ஆவி தண்ணியா மாறும்போது மட்டுமே 2,260 ஜூல் கிட்ட வெப்பத்த விடுது. அதே ஒரு கிராம் கொதிக்கிற தண்ணி 60 டிகிரிக்கு ஆறினா 170 ஜூல்தான். இட்லிப் பானைய தொறக்கும்போது கைல அடிக்கிற ஆவி ஏன் அவ்ளோ சுடுதுன்னு இப்ப புரியுதா? எல்பி செய்யற வினைல் 60, 70 டிகிரிலயே இளக ஆரம்பிச்சிடும், போதாக்குறைக்கு அது வெப்பத்த சீக்கிரம் பரப்பாது, பட்ட இடத்துலயே சூடு நிக்கும், ஒரே இடத்துல காட்டிட்டே இருந்தீங்கன்னா தட்டு அப்பளம் மாதிரி நெளிஞ்சிடும், அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது.

அதனால ஸ்டீமர் மூக்க ஒரு சாண் தள்ளிப் புடிங்க, தட்ட சுத்திட்டே இருங்க, கைல தொட்டா வெதுவெதுப்புக்கு மேல போகக் கூடாது. நடு லேபிள் பேப்பர், அத ஒரு பிளாஸ்டிக் மூடியால மறைச்சிடுங்க. ஸ்டீமர் சில சமயம் ஆவியோட சேத்து டேங்க் தண்ணியவும் துப்பும், மெட்ரோ வாட்டர் ஊத்தியிருந்தா அந்தச் சொட்டு காஞ்சு கறை ஆகும், மெக்கானிக் கடைல விக்கிற பேட்டரி தண்ணி (ஆசிட் இல்ல, உப்பு நீக்கின டிஸ்டில்டு வாட்டர்) ஊத்துங்க, காசும் கம்மிதான். ஆவி அழுக்க இளக்கும், வெளிய எடுக்காது. ஈரம் காயறதுக்குள்ள மைக்ரோஃபைபர் துணிய பள்ளம் போற திசையிலயே வளைச்சு ஒத்தி எடுக்கணும், இந்த வேலைய விட்டா மத்ததெல்லாம் வீண்.

லேபிள்ல 78னு (நிமிஷத்துக்கு 78 சுத்து) போட்ட, கனமான பழைய தட்டுகிட்ட இதெல்லாம் கொண்டே போகாதீங்க. அதுல பெரும்பாலும் அரக்கு, சூடும் ஆகாது, ஸ்பிரிட்டும் ஆகாது.