ரோபோவா, தோரகோஸ்கோப்பா: நுரையீரல் புற்றுநோய் அறுவையில் காப்பீட்டுப் பணம் எங்கே நிற்கிறது

ஒரு பெண்மணி மூன்று தாள்களை என் முன்னால் விரித்து வைத்தார். மருத்துவமனை முதலில் கொடுத்த செலவு மதிப்பீட்டில் "லோபெக்டமி" (நுரையீரலின் ஒரு மடலை வெட்டி எடுப்பது) என்று மட்டும் எழுதியிருந்தது. அறுவைக்கு முந்தைய இரவு அவருடைய கணவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் "நுண்துளை அறுவை" என்று இருந்தது. இறுதி பில்லில் "ரோபோட்டிக் லோபெக்டமி" என்று அச்சாகியிருந்தது. மூன்றும் ஒரே நோயாளியின் ஒரே அறுவையைப் பற்றியவை. ஆனால் மூன்றாவது தாளில் வந்த அந்த ஒரு சொல்லால், 5 லட்சம் ரூபாய் பாலிசி வைத்திருந்த குடும்பத்துக்கு 1 லட்சம் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. மீதிக்கு அவர் நகையை அடகு வைத்துவிட்டு வந்திருந்தார். ரோபோ அறுவைக்குத் தனி உச்சவரம்பு இருப்பதைக் காப்பீட்டு முகவரோ மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கோ அவரிடம் ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

விதி இதுதான். 2019 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., ரோபோ அறுவை உட்படப் 12 நவீன சிகிச்சைகளைப் பாலிசியிலிருந்து விலக்கி வைக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆகவே "ரோபோ எங்கள் பாலிசியில் கிடையாது" என்று எவராவது சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள். ஆனால் அதே உத்தரவு, அந்த 12 சிகிச்சைகளுக்கும் உள்வரம்பு, அதாவது பாலிசித் தொகைக்குள்ளேயே தனி உச்சவரம்பு, வைத்துக்கொள்ள நிறுவனங்களுக்கு இடம் கொடுத்தது. சில பாலிசிகளில் காப்பீட்டுத் தொகையில் பாதி, சிலவற்றில் ஒரு குறிப்பிட்ட ரூபாய், சிலவற்றில் வரம்பே இல்லை. நெஞ்சுக்குள் விடும் கேமராக் குழாயான தோரகோஸ்கோப் வழியாகச் செய்யும் அறுவை, அதாவது மருத்துவர்கள் "வாட்ஸ்" என்று சொல்வது, அந்த 12 சிகிச்சைகளின் பட்டியலிலேயே இல்லை. ஆகவே நவீன சிகிச்சைக்கான உள்வரம்பை அதன்மேல் போட முடியாது. எந்த வழியில் அறுவை நடக்கிறது என்பது எவ்வளவு பணம் வரும் என்பதைத் தீர்மானிப்பது இப்படித்தான்.

அப்படியானால் மலிவானதைத் தேர்ந்தெடுத்து உயிரோடு விளையாடுகிறோமா என்ற பயம் எல்லாக் குடும்பங்களுக்கும் வருகிறது. அந்தப் பயத்தை வைத்தே பலரிடம் கையெழுத்து வாங்கப்படுகிறது என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நெஞ்சைத் திறந்து செய்யும் பழைய முறையில் விலா எலும்புகளை விரித்துப் பிடிக்க வேண்டும். வலி நீடிப்பதற்கு முக்கியக் காரணம் அதுவே. தோரகோஸ்கோப் முறையில் ஒன்று முதல் நான்கு வரையான சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் செல்கின்றன, விலா எலும்புகள் விரிக்கப்படுவதில்லை. ரோபோ முறையிலும் துளைகள்தான். மருத்துவர் சற்றுத் தள்ளி அமர்ந்து முப்பரிமாணத் திரையைப் பார்த்தபடி, மணிக்கட்டுப் போலத் திரும்பும் கருவிகளை இயக்குகிறார். பிரிட்டனில் 503 நோயாளிகளிடம் நடந்த வயலெட் ஆய்வு, திறந்த அறுவையைவிடத் தோரகோஸ்கோப் முறையில் ஐந்தாவது வாரத்தில் நோயாளிகளின் உடல் இயக்கம் மேம்பட்டிருந்ததையும், புற்றுநோயை அகற்றுவதில் குறை ஏதும் வராததையும் காட்டியது. சீனாவில் 320 பேரிடம் ரோபோவையும் தோரகோஸ்கோப்பையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வில், ரோபோ முறையில் கூடுதல் நிணநீர்க் கணுக்கள் (புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க எடுப்பவை) எடுக்கப்பட்டன. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களில் பெரிய வேறுபாடு இல்லை. செலவு ரோபோவுக்கே அதிகம். ஆரம்ப நிலைக் கட்டிக்குத் தோரகோஸ்கோப் முறை இரண்டாந்தர சிகிச்சை அன்று. எந்த மருத்துவர் எந்த முறையில் அதிகமாகச் செய்து கைதேர்ந்திருக்கிறார் என்பதே முதல் கேள்வி. "ஓர் ஆண்டில் இந்த முறையில் எத்தனை நுரையீரல் அறுவை செய்கிறீர்கள், அவற்றில் எத்தனை நடுவில் திறந்த அறுவையாக மாறின" என்று கேட்பதற்கு நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

ஆகவே மருத்துவமனைக்குள் கால் வைப்பதற்கு முன்பே வாடிக்கையாளர் தகவல் தாளைக் கையில் எடுங்கள். 2024 ஜனவரி முதல் ஒவ்வொரு பாலிசியோடும் இதைத் தர வேண்டும். தமிழில் வேண்டும் என்று கேட்டால் தமிழிலேயே தர வேண்டும். உள்வரம்புகள் அதில் தனியாக எழுதப்பட்டிருக்கும். முகவர் கொடுத்த வண்ணத்தாளையோ கைப்பேசிச் செயலியில் தெரியும் மொத்தத் தொகையையோ நம்பி முடிவெடுக்காதீர்கள். உள்வரம்பு அறுவைக் கட்டணத்துக்கு மட்டுமா, அறை, மயக்க மருந்து, ஸ்டேப்ளர் (நுரையீரலை வெட்டித் தைக்கும் கருவி) எல்லாம் சேர்ந்த மொத்த பில்லுக்கா என்பதையும் பாருங்கள். பல பாலிசிகளில் அது மொத்தத்துக்கே பொருந்துகிறது. வேலை செய்யும் நிறுவனம் எடுத்துக் கொடுத்த குழும பாலிசியானால், அந்தத் தாளை மனிதவளப் பிரிவிடம் கேட்டு வாங்குவதற்கே ஒரு வாரம் ஆகும் என்பதால் பயாப்ஸி முடிவு வந்த அன்றே கேட்டுவிடுங்கள்.

முன் அனுமதிப் படிவத்தில் அறுவையின் பெயர் முழுமையாக இருக்க வேண்டும். "லோபெக்டமி" என்று மட்டும் எழுதினால் போதாது; தோரகோஸ்கோப் முறையில் என்றோ ரோபோ முறையில் என்றோ எழுதச் சொல்லுங்கள், மதிப்பீட்டிலும் ஒப்புதல் படிவத்திலும் அதே சொல் வரும்படி பாருங்கள். நடுவில் திறந்த அறுவையாக மாற்ற வேண்டி வரலாம் என்ற வரியும் அதில் இருக்கட்டும். அப்படி மாறினால் காரணத்தை அறுவைக் குறிப்பில் மருத்துவர் எழுத வேண்டும், கூடுதல் தொகைக்கான விண்ணப்பம் அன்றே போக வேண்டும். டிஸ்சார்ஜ் நாளில் போனால் "அனுமதி வாங்காத சிகிச்சை" என்ற பதில் வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பணமில்லா சிகிச்சைக்கான கோரிக்கையை ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள்ளும் முடிக்க வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 மே மாத உத்தரவு சொல்கிறது. நடைமுறையில் அந்த ஒரு மணி முடியும் தறுவாயில் ஒரு "க்வெரி" வந்து விழும்: பழைய ஸ்கேன் அனுப்புங்கள், முதல் ஆலோசனைச் சீட்டு அனுப்புங்கள். அனுப்பினால் அடுத்த க்வெரி வரும். இந்த இழுத்தடிப்புக்கு ஒரே மருந்து, பெட் ஸ்கேன், பயாப்ஸி அறிக்கை, நுரையீரல் திறன் பரிசோதனை, முதல் மருத்துவரின் சீட்டு ஆகியவற்றை ஒரே கோப்பாக ஸ்கேன் செய்து முதல் கோரிக்கையோடே போகச் செய்வதுதான்.

நுரையீரல் நோயாளிகளை அதிகம் வீழ்த்தும் பொறி வேறொன்று. சேர்க்கும்போது இளம் மருத்துவர் ஒருவர் வந்து எத்தனை நாளாக இருமல், எத்தனை வருடமாகப் புகைக்கிறீர்கள் என்று கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதுவார். களைப்பில் இருக்கும் நோயாளி "இருமல் ரொம்ப வருஷமா இருக்கு" என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வரியை வைத்தே, பாலிசி எடுக்கும்போது நோயை மறைத்ததாக மறுப்புக் கடிதம் எழுதப்படுகிறது. பொய் சொல்லச் சொல்லவில்லை. தேதிகளைச் சரியாகச் சொல்லுங்கள், எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பாலிசி எடுக்கும்போது புகைப்பழக்கத்தை மறைத்திருந்தால் ஆபத்து உண்மையானதே. ஆனால் தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி நடப்பில் இருந்துவிட்டால், மோசடியை நிரூபித்தால் தவிர, தகவலை மறைத்ததாகச் சொல்லி உரிமைகோரலை மறுக்க முடியாது. இது தெரியாததால் பத்து ஆண்டு பிரீமியம் கட்டியவர்கள்கூட மறுப்புக் கடிதத்தோடு வாயடைத்து வீடு திரும்புகிறார்கள்.

அறை வாடகை வரம்பைத் தாண்டினால் பில் முழுவதையும் விகிதப்படி குறைப்பார்கள். அந்தக் குறைப்பை மருந்து, நுகர்பொருள், மருத்துவக் கருவி, பரிசோதனை ஆகியவற்றின்மேல் செய்யக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணத்தின்மேலும் செய்யக் கூடாது. நுரையீரல் அறுவையில் ஸ்டேப்ளருக்கே பெரும் தொகை போகிறது என்பதால், பில்லில் பிடித்தம் செய்த தொகைகளின் பட்டியலை வரிவரியாகப் பார்த்தால் தவறாகப் பிடித்த பணம் கண்ணில் படும்.

தமிழ்நாட்டில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை வழி உண்டு. இங்கே ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்பே நிர்ணயித்த தொகுப்புக் கட்டணம் என்பதால், நோயாளியிடம் மேல்பணம் கேட்பதே தவறு. கேட்டால் 1800 425 3993 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள். இரண்டு இடங்களில் கவனம் தேவை. நோயாளியின் பெயர் குடும்ப அட்டையில் இருக்க வேண்டும். திருமணமாகித் தனி அட்டைக்குப் போன மகனோடு வசிக்கும் பெற்றோர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். மருத்துவமனை திட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது, நெஞ்சக அறுவைக்கும் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். வாசலில் உள்ள பலகையைப் பார்த்துச் சேர்ந்துவிட்டுப் பிறகு அலைவதைவிட, அந்த எண்ணிலேயே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.

மறுப்பு வந்துவிட்டால், பாலிசியின் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் வாங்குங்கள். அப்படிச் சொல்ல வேண்டியது அவர்களின் கடமை. மருத்துவமனையிடம் கேஸ் ஷீட்டும் அறுவைக் குறிப்பும் எழுத்துமூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. பின்பு காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் வரையான வழக்குகளை அவர் விசாரிக்கிறார். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. மூன்று தாள்களோடு வந்த அந்தப் பெண்மணியின் மனுவில், ரோபோ என்ற சொல் இல்லாத மதிப்பீட்டையும் ஒப்புதல் படிவத்தையுமே முதல் இரண்டு இணைப்புகளாக வைத்து, ரோபோவுக்குத் தன் கணவர் எப்போது சம்மதித்தார் என்ற கேள்வியை மருத்துவமனைக்குத் தனிக் கடிதமாகவும் அனுப்பச் செய்தேன்.