எட்டு மணி நேரம் இறங்க முடியாது: கிளைடர் விமானியும் சிறுநீர்ப்பையும்

தென்னாப்பிரிக்காவில் ஆரஞ்சு ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட காரீப் அணைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய விமானத் திடல் இருக்கிறது. ஐரோப்பாவில் பனி கொட்டும் நவம்பர் முதல் ஜனவரி வரை அங்கிருந்து பலர் தங்கள் கிளைடர்களைக் கண்டெய்னரில் ஏற்றிக்கொண்டு இங்கே வந்துவிடுவார்கள். காரணம் கரூ எனப்படும் வறண்ட நிலத்தின் வெயில். காய்ந்த தரை சூடேற, அதை ஒட்டிய காற்று இலேசாகி மேலே எழும். தெர்மல் எனப்படும் அந்த ஏறுகாற்றுக்குள் வட்டமடித்து உயரம் சேர்ப்பதும், சேர்த்த உயரத்தைச் செலவழித்து அடுத்த தெர்மல் வரை சறுக்கிப் போவதும்தான் எஞ்சின் இல்லாத விமானத்தின் பிழைப்பு. கோடையில் இங்கே மேகத்தின் அடிப்பகுதியே கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டரைத் தாண்டும். நல்ல நாளில் 1,000 கிலோமீட்டர் சுற்றி வர முடியும். காலையில் கிளம்பினால் தரையைத் தொட எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும்.

அவ்வளவு நேரமும் விமானி மல்லாந்த நிலையில், காலை நீட்டிக்கொண்டு, முதுகில் பாரசூட்டும் இடுப்பிலும் தோளிலும் பட்டைகளுமாகக் கிடக்க வேண்டும். எழுந்து நிற்க இடமில்லை. இடுப்புப் பட்டையின் கீழ்ப்பகுதி உட்காருவது சரியாகச் சிறுநீர்ப்பையின் மேல்.

டர்பன் மருத்துவமனை ஒன்றில் சிறுநீரகப் பிரிவு வார்டில் நர்ஸாகக் காலம் கழித்தவள் நான். என் அண்ணன் மகள் ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை பார்த்துக்கொண்டே கிளைடர் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். சில்வர் பேட்ஜ் என்ற உலகத் தகுதிக்கு ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் பறந்தாக வேண்டும். அதற்குத் தயாராகும்போதுதான், “அத்தை, அஞ்சு மணி நேரம் எப்படித் தாங்குறது? கிளப்ல எல்லாரும் ஆம்பளைங்க, கேட்கவே கூச்சமா இருக்கு” என்று என்னிடம் வந்தாள். கூச்சப்பட இதில் ஒன்றுமே இல்லை. உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம் இது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சாதாரணமாக ஒருவருக்கு நாளுக்கு ஒன்றரை லிட்டர் சிறுநீர் சுரக்கிறது என்று வைத்தால், எட்டு மணி நேரத்துக்கு அரை லிட்டர். சிறுநீர்ப்பையில் 150 முதல் 200 மில்லிலிட்டர் சேர்ந்ததும் முதல் உணர்வு வரும், 400ஐத் தாண்டினால் முட்டிக்கொண்டு வரும். ஆக, நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தாலே எட்டு மணி நேரம் என்பது எல்லையில் நிற்கிற விஷயம். வானத்திலோ மூன்று காரணங்கள் சேர்ந்து சிறுநீரகத்தை இன்னும் முடுக்கிவிடுகின்றன.

ஒன்று, படுத்த நிலை. நிற்கும்போது காலில் தேங்கும் இரத்தம், கால் நீட்டிக் கிடக்கும்போது மார்புக்குத் திரும்பிவிடுகிறது. இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடலில் நீர் கூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனை அவை சுரக்கின்றன. இரண்டாவது, குளிர். மேலே போகப் போக, ஏறுகாற்று 100 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி குளிர்கிறது. 1,250 மீட்டர் உயரத்திலுள்ள திடலில் 35 டிகிரி என்றால், அதற்கு 3,000 மீட்டர் மேலே 5 டிகிரிதான். கை கால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்க, அந்த இரத்தமும் மார்புக்கே வருகிறது. குளிர்காலத்தில் அடிக்கடி எழுந்து போகிறோமே, அதே கதை. மூன்றாவது, உயரம். ஆக்சிஜன் குறைவதைக் கழுத்துத் தமனியிலுள்ள உணர்வுறுப்புகள் கண்டுகொண்டதும் மூச்சு வேகமாகிறது, சிறுநீரும் கூடுகிறது. ஆக்சிஜன் இப்படிக் குறைவதால்தான் 3,000 மீட்டருக்கு மேல் நேரம் கழிப்பவர்கள் மூக்கில் ஆக்சிஜன் குழாய் மாட்டிக்கொள்கிறார்கள். தெர்மலுக்குள் 45 டிகிரி சாய்ந்து சுற்றும்போது உடலின் எடை 1.4 மடங்காகிறது, நிறைந்த பையின் எடையும் அப்படியே.

இந்த நிலையில் யாருக்கும் முதலில் தோன்றும் வழி, தண்ணீர் குடிக்காமல் கிளம்புவது. நம் வீட்டுப் பெண்களுக்கு இது பழகிப்போன வழி. டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்கு என்-3 சாலையில் பஸ்ஸில் போகும்போது, ஹாரிஸ்மித் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வரும் அக்காமார்களை எனக்குத் தெரியும். நீர்க்கடுப்பும் கல்லுமாக வார்டுக்கு வந்த பலருடைய கதையும் இப்படி ஆரம்பித்ததுதான். பஸ்ஸில் அந்த அக்கா தூங்கலாம், வண்டியை ஓட்டுபவர் வேறொருவர். கிளைடரில் அவளே ஓட்டுநர்.

உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் குறைந்தாலே கவனமும் நினைவும் தளர ஆரம்பிக்கும். 70 கிலோ ஆளுக்கு அது 1.4 லிட்டர். கண்ணாடிக் கூரைக்குள் வெயிலில் வேர்த்து, மேலே வறண்ட காற்றை மூச்சிழுத்து, பாதி நாளில் அந்த அளவை இழப்பது சுலபம். தாகம் தெரியும் முன்பே இழப்பு தொடங்கிவிடும். கிளைடர் தரையிறங்கும்போது பெரும்பாலும் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. உயரம் போனால் போனதுதான், சுற்றி வந்து மறுபடி முயல எஞ்சின் இல்லை. ஏறுகாற்று தீர்ந்துபோனால் ஏதாவது ஒரு பண்ணையில் செம்மறிகளுக்கு நடுவே திடல் தேடி இறங்க வேண்டும். மூளை மிகத் தெளிவாக இருக்க வேண்டிய அந்தச் சில நிமிடங்கள், நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காத உடலுக்கு அந்தி நேரத்தில் வருகின்றன.

அதற்காக நன்றாகக் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டிருப்பதும் தீர்வில்லை. ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்காதே என்று பெரியவர்கள் சொன்னது எவ்வளவு சரி என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். நலமான சிலரைத் தண்ணீர் குடிக்கவைத்து, தாங்க முடியாத கட்டம் வரை அடக்கச் சொல்லி, கவனத்தையும் நினைவையும் சோதித்தார்கள். இரத்தத்தில் 0.05 சதவீத மதுவோ 24 மணி நேரத் தூக்கமின்மையோ உண்டாக்கும் அளவுக்குச் சரிவு தெரிந்தது. மிகச் சிறிய ஆய்வுதான். 2011இல் இக் நோபல் பரிசு பெற்ற ஆய்வுகளில் அதுவும் ஒன்று. ஆனால் 0.05 என்பது தென்னாப்பிரிக்கச் சாலைகளில் சாதாரண ஓட்டுநருக்கான சட்ட வரம்பு என்பதை நினைத்துப் பார்த்தால் சிரிக்கத் தோன்றாது.

ஆக, குடிக்கவும் வேண்டும், வெளியேற்றவும் வேண்டும். வெளியேற்றும் வழி உறுதியானால்தான் விமானி பயமில்லாமல் குடிப்பார். அதனால் நான் எப்போதும் குழாயிலிருந்து ஆரம்பிப்பேன், தண்ணீர் பாட்டிலிலிருந்து அல்ல.

ஆண்களுக்கான எளிய வழி ஜெல் பொடி போட்ட பிளாஸ்டிக் பை. கையிலெடுத்து, உபயோகித்து, வாயை மூடி வைத்துவிடலாம். ஆனால் பட்டையைத் தளர்த்த வேண்டும், ஒரு கை, விமானத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்டிக்கை விட்டு வர வேண்டும். நிறைந்த பையை வெளியே எறிவது மட்டும் கூடவே கூடாது, அது வாலில் மோதலாம்.

நெடுந்தூரம் பறப்பவர்கள் விரும்புவது உறைக் குழாய். வார்டில் சிறுநீர் கட்டுப்படாத முதியவர்களுக்கு நாங்கள் போட்டுவிடும் அதே சாதனம்: ஆணுறை போன்ற சிலிக்கோன் உறை, முனையில் குழாய். உறையின் அளவு மில்லிமீட்டர் கணக்கில் பொருந்த வேண்டும். பெரிதானால் ஒழுகும், சிறிதானால் இரத்த ஓட்டத்தை நெரிக்கும். பெருமைக்காகப் பெரிய அளவைக் கேட்டு வாங்கியவர்களின் படுக்கை விரிப்பை நான் நிறைய மாற்றியிருக்கிறேன். ஒட்டும் இடத்தில் எண்ணெயோ கிரீமோ இருக்கக்கூடாது, முடியைக் கத்தரித்திருக்க வேண்டும். முக்கியமாக, உறையும் குழாயும் சேரும் கழுத்தில் முறுக்கு விழக்கூடாது. அங்கே முறுக்கினால் நீர் திரும்பி வந்து உறையைக் கழற்றிவிடும், அதற்குப் பிறகு செய்வதற்கு எதுவும் இருக்காது.

குழாயின் மறுமுனை காலில் கட்டிய பைக்குப் போகலாம். அல்லது இருக்கைக்கு அடியில் இறங்கி விமானத்தின் வயிற்றுக்கு வெளியே போகலாம். இதில் கொஞ்சம் இயற்பியல் இருக்கிறது. 4,000 மீட்டர் உயரத்தில் மணிக்கு 150 கிலோமீட்டரில் போகும்போது, முன்னோக்கித் திறந்திருக்கும் துளைக்குள் காற்று தரும் அழுத்தம் 7 சென்டிமீட்டர் உயர நீரைத் தாங்கி நிறுத்தும். விமானியின் உடலுக்கும் விமானத்தின் வயிற்றுக்கும் நடுவே இருப்பதே ஓரிரு சாண்தான். வழியில் குழாய் தொய்ந்து ஒரு வளைவு விழுந்திருந்தால் அந்த எதிரழுத்தம் ஓட்டத்தை முடக்கப் போதும். அதனால் முனையைப் பின்னோக்கிச் சரிவாக வெட்டுவார்கள். அப்போது அங்கே அழுத்தம் குறைந்து, காற்றே இழுத்துக்கொள்ளும். குழாய் வழி முழுக்க இறக்கமாகவே போக வேண்டும். தேங்கிய நீர், உறைநிலைக்குக் கீழே போகும் உயரங்களில் பனிக்கட்டியாகி அடைத்துவிடும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அலசிவிடுவது நல்லது.

முனை வயிற்றை ஒட்டி முடிந்தாலும் தொல்லை உண்டு. சிறுநீரில் உப்பு இருக்கிறது, யூரியா இருக்கிறது. நாள்பட்டால் பாக்டீரியா அந்த யூரியாவை அம்மோனியாவாக்கும். காற்று அதை விமானத்தின் மேல் பூசிக்கொண்டே பின்னால் கொண்டுபோகும், சக்கரப் பெட்டிக்குள்ளும் நுழைக்கும். உலோகம் அரிக்கும். எனவே உபயோகிக்கும்போது மட்டும் ஒரு சாண் வெளியே நீட்டும்படி குழாயை அமைப்பார்கள். கீழே இருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். கரூவில் மழையே பல நேரம் தரையைத் தொடும் முன் காற்றில் காய்ந்துவிடுகிறது, அந்த உயரத்தில் சிதறிய துளிகளும் பெரும்பாலும் அப்படித்தான்.

சரி, பெண்களுக்கு? இங்கேதான் எனக்குக் கோபம் வரும். விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர் ஆலன் ஷெப்பர்ட் 1961 மே 5 அன்று ஏவுதளத்தில் மணிக்கணக்கில் காத்திருந்து உடைக்குள்ளேயே சிறுநீர் கழித்தார். அதற்குப் பிறகு ஆண்களின் உடலுக்கு ஏற்ற உறைகள் சீக்கிரம் வந்தன. பெண்களுக்கு உடலோடு ஒட்டும் திண்டும் சிறு மின்பம்பும் சேர்ந்த நல்ல சாதனங்களில் அமெரிக்க விமானப் படையே அண்மை ஆண்டுகளில்தான் கவனம் செலுத்தியது. கிளைடர் கிளப்பில் பறக்கும் பெண்ணுக்கு அவை விலையில் எட்டுவதில்லை. புனல் வடிவச் சாதனங்கள் கடையில் கிடைக்கின்றன, ஆனால் இடுப்பைத் தூக்க வேண்டும், அதற்குப் பட்டையைத் தளர்த்த வேண்டும். கொந்தளிக்கும் காற்றில் தளர்ந்த பட்டையோடு இருப்பவரின் தலை கூரையில் இடிக்கும். மீதமிருப்பது பெரியவர்களுக்கான டயப்பர். என் அண்ணன் மகளுக்கு நான் சொன்னதும் அதைத்தான்.

டயப்பருக்குள் இருக்கும் வெள்ளைப் பொடி சோடியம் பாலிஅக்ரிலேட். நீண்ட மூலக்கூறுச் சங்கிலி, நெடுக எதிர்மின்னேற்றம், ஒட்டிக்கொண்டு சோடியம் அயனிகள். ஈரம் பட்டதும் சோடியம் தளர்ந்து உள்ளே அடர்த்தி கூடுகிறது, அதைச் சமன்செய்ய நீர் உள்ளே பாய்கிறது, ஒன்றையொன்று விலக்கும் சங்கிலிகள் விரிந்து இடம் கொடுக்கின்றன. காய்ச்சி வடித்த நீரைத் தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு இது உறிஞ்சும். சிறுநீரிலோ ஏற்கெனவே உப்பு இருப்பதால் உள்ளுக்கும் வெளிக்கும் அடர்த்தி வித்தியாசம் குறைகிறது, சில பத்து மடங்கோடு நின்றுவிடும். ஊறிய ஜெல்லின் மேல் சமையல் உப்பைத் தூவிப் பாருங்கள், நீரைக் கக்கிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது வேகம். சிறுநீர் விநாடிக்கு 20 மில்லிலிட்டர் வரை வேகமாக வரும், பொடி அவ்வளவு வேகமாக உறிஞ்சாது. உட்கார்ந்த அழுத்தமும் சேர்ந்து ஓரத்தில் கசியும். அதனால் முட்டும் வரை காத்திராமல், முதல் உணர்விலேயே கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். ஈரம் மணிக்கணக்கில் தோலில் இருக்குமென்பதால் துத்தநாகக் கிரீம் பூசிக்கொள்ள வேண்டும்.

எல்லாம் கட்டிக்கொண்டும் வராமல் போவது இன்னொரு சிக்கல், ஆணுக்கும் பெண்ணுக்கும். பதற்றத்தில் சிறுநீர்ப்பை தளர்ந்தும் அதன் வாய் இறுகியும் இருக்கும்படி நரம்புகள் வைத்திருக்கும். அதோடு, படுத்தபடி உடையோடு போகக்கூடாது என்று குழந்தையிலிருந்தே மூளையைப் பழக்கி வைத்திருக்கிறோம். பழக்கத்தை வீட்டில்தான் மாற்ற முடியும். குளியல் தொட்டியில் சாய்ந்து, கால் நீட்டி, அதே சாதனத்தோடு பழக வேண்டும். வானில் இதற்கு நேரம், இரண்டு தெர்மல்களுக்கு நடுவே நேராகச் சறுக்கும் பகுதி. பக்கத்தில் வேறு கிளைடர் சுற்றும்போது வேண்டாம்.

குடிக்கும் முறையும் முக்கியம். கிளம்புமுன் ஒரு லிட்டரை மடமடவென்று குடித்தால் சிறுநீரகம் ஓரிரு மணி நேரத்தில் பெரும்பகுதியைக் கொட்டிவிடும். முதல் நாளே நன்றாகக் குடித்து, பறக்கும்போது சிறு சிறு மிடறாக எடுத்தால் உடல் அதை வைத்துக்கொள்ளும். கொஞ்சம் உப்பு சேர்ந்தால் இன்னும் நல்லது. ஆடி மாதக் கோயில் கூழைப் போல உப்புப் போட்டுக் கரைத்த புளித்த கூழ் காலை உணவுக்கு மிகப் பொருத்தம்.

வயிற்று விஷயம் சுலபம். காலை உணவு பெருங்குடலைத் தூண்டும், ஆகவே சீக்கிரம் எழுந்து, சூடாக ஏதாவது குடித்து, சாப்பிட்டு, கழிப்பறைக்கு நேரம் கொடுத்துவிட்டுத் திடலுக்குப் போனால் போதும். முந்தின இரவு, குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் கறி நிரப்பிய பன்னி சௌவைத் தவிர்க்கவும். 1,250 மீட்டரிலிருந்து 4,250க்கு ஏறும்போது குடலிலுள்ள வாயு ஒன்றரை மடங்கு விரியும்.

இறங்கிய பிறகு டயப்பரையோ உறையையோ உடனே மாற்றி, தோலைக் கழுவித் துடைத்து, ஒரு குவளை நீர் குடியுங்கள். அடுத்து வரும் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் என்றால் அன்றைய அளவு சரி. தேநீர் நிறத்தில் சுண்டிப் போயிருந்தால் அடுத்த முறை குடிக்கும் அளவைக் கூட்டுங்கள். எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் மறுநாள் பறக்காமல் மருத்துவரிடம் போங்கள். குழாயை வெந்நீர் விட்டு அலசித் தொங்கவிடுங்கள், விமானத்தின் வயிற்றையும் சக்கரப் பெட்டியையும் அன்று மாலையே கழுவிவிடுங்கள்.